தெரியாதவர் வேறு, பொய்யர் வேறு: நாடு திரும்பியோரின் நாணயம் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

ஜித்தாவில் 18 ஆண்டுகள் கனரக வாகனம் ஓட்டிய ஒருவர் நாமக்கல்லுக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருந்தவரை மளிகைக் கடைக் கணக்கைக்கூட மாதம் தவறாமல் தீர்த்தவர். எவரிடமும் ஒரு ரியால் பாக்கி வைக்காதவர். வட்டியின் நிழலும் தன்மீது படலாகாது என்று கடன் அட்டையைத் தொடாமலே வாழ்ந்தவர். கையில் இருக்கும் சேமிப்பை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் செலுத்தி, ஒரு லாரி வாங்கலாம் என்று நினைக்கிறார். நிதி நிறுவனத்தில் அமர்ந்திருப்பவர் அவருடைய பான் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அவருக்குக் கடன் வரலாறே இல்லை என்கிறார். ஐம்பதை எட்டிய மனிதருக்கு வரலாறு இல்லையாம்!

சேலம் லீ பஜாரில் மொத்த வியாபாரியிடம் சரக்கைத் தவணைக்குக் கேட்பவருக்கும், ஆத்தூரிலோ இராசிபுரத்திலோ கடை திறக்க எண்ணித் திரும்பியவருக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். நம் குடும்பங்களில் இது இன்று அடிக்கடி கேட்கும் குறையாகிவிட்டது. ஆனால் இது இன்று பிறந்த சிக்கல் அன்று. கடல் கடந்து போய்த் திரும்பிய ஒவ்வொரு தலைமுறையும் இந்த வாசலில் நின்றிருக்கிறது. அவர்கள் எவ்வாறு அதைக் கடந்தார்கள் என்று அறிந்துகொண்டால், நாம் செய்ய வேண்டியதும் தெளிவாகும்.

தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. காசைக் கப்பலில் கொண்டுவரலாம், வங்கி வழியே அனுப்பலாம். நேர்மையை அப்படிக் கொண்டுவர இயலாது. அதைக் கண்டறிந்த சாட்சிகள் கடலுக்கு அப்பால் தங்கிவிடுகிறார்கள். நாடு திரும்பியவர் இழப்பது நாணயத்தை அன்று. அதற்கான சாட்சிகளையே இழக்கிறார். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

கடலில் மிதந்த ஆயிரம் தீனார்

ஸஹீஹுல் புகாரியில் பதிவான ஒரு நிகழ்வை நம் பிள்ளைகள் மதரஸாவில் கதையாகக் கேட்டிருப்பார்கள். பனூ இஸ்ராயீல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் மற்றொருவரிடம் ஆயிரம் தீனார் கடன் கேட்டார். சாட்சி எங்கே, பிணை எங்கே என்று கடன் கொடுப்பவர் வினவியபோது, இரண்டுக்கும் அல்லாஹ்வே போதுமானவன் என்று பதில் வந்தது. அதை ஏற்றுத் தவணை குறித்துப் பணம் கொடுக்கப்பட்டது. கடன் வாங்கியவர் கடல் கடந்து தம் வேலையை முடித்தார். தவணை நாளில் திரும்புவதற்கு மரக்கலம் கிடைக்கவில்லை. அவர் ஒரு மரக்கட்டையைக் குடைந்து, ஆயிரம் தீனாரையும் ஒரு கடிதத்தையும் உள்ளே வைத்து அடைத்து, அல்லாஹ்வை நம்பிக் கடலில் விட்டார். மறுகரையில் காத்திருந்தவர் விறகுக்காக அந்தக் கட்டையை எடுத்துச் சென்று பிளந்தபோது பணமும் கடிதமும் கிடைத்தன. பின்னர் கடன்பட்டவர் வேறு ஆயிரம் தீனாருடன் நேரில் வந்து சேர்ந்தார். முன்னர் அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது என்று அறிந்த பிறகே அதனுடன் நிம்மதியாகத் திரும்பினார்.

இந்நிகழ்வைத் தவக்குலுக்குச் சான்றாகவே நாம் பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். அதில் கடன் ஒழுக்கத்தின் முழுப் பாடமும் இருக்கிறது. தவணை குறிக்கப்பட்டது; பணத்துடன் எழுத்தும் சென்றது; அனுப்பியாயிற்று என்று சும்மா இராமல், சென்று சேர்ந்ததா என்று உறுதி செய்வதற்காகக் கடன்பட்டவர் நேரிலும் வந்தார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282ஆம் வசனம் கடனைப் பற்றியதே. தவணைக் கடனை எழுதிக்கொள்வது, எழுத்தர் நீதியுடன் எழுதுவது, சாட்சிகளை வைப்பது, தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையாதிருப்பது ஆகியவற்றை அது விரிவாகக் கற்பிக்கிறது. கடன் வரலாறு என்பதை வெறும் வங்கிக்காரர் விவகாரமாகக் கருதுவோர் இந்த வசனத்தை மீண்டும் ஒருமுறை ஓதிப் பார்க்க வேண்டும்.

இலங்கைத் தோட்டங்களின் 'துண்டு'

இனி நம் மண்ணுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிகளாகச் சென்றோர் பெரும்பாலும் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை போன்ற மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலிருந்து சென்றவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் அவர்கள் நம் ஊர்களின் மக்கள். அவர்கள் பட்டது நம் வரலாறு.

கங்காணி கொடுத்த முன்பணத்தில் தொடங்கியது அவர்களின் பயணம். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கடனாகவே எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற விரும்பினால், 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். இவர்கள் பெயரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைச் செலுத்துபவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்பது அச்சீட்டின் பொருள். புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். அந்தத் தொகையும் மீண்டும் தொழிலாளியின் கணக்கில் ஏறும். கடன் தீரவில்லை, கைமாறியது மட்டுமே. இந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கடனைப் பதிவது எல்லா நேரத்திலும் நீதியாகிவிடாது என்பதற்கு இது பெரும் சான்று. துண்டில் தொழிலாளியின் கடன் இருந்தது. அவர் உழைத்த உழைப்பு இல்லை. அவர் செலுத்தவேண்டியது எழுதப்பட்டது. அவருக்குச் சேரவேண்டியது எழுதப்படவில்லை. எழுத்தர் நீதியுடன் எழுதவேண்டும் என்றும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும், அவரால் இயலாவிடில் அவருடைய பொறுப்பாளர் சொல்லவேண்டும் என்றும் குர்ஆன் விதித்ததன் ஆழம் இங்கே விளங்குகிறது. எளியவரின் ஏட்டை வலியவர் மட்டும் எழுதினால் அது விலங்காகிவிடும்.

இரங்கூன் பட்ட பாடு

பர்மாவின் கதை வேறு. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே பத்து இலட்சத்துக்கும் சற்று அதிகமான இந்தியர் இருந்தனர். இரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. அங்கே 'சூலியா' என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் அமைத்து வேரூன்றினர். அவர்களின் வியாபாரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லாலும் கணக்குப் பேரேட்டாலும் நடந்தது. இன்னார் மகன், இன்ன ஊர், இன்னாரிடம் கடைப் பையனாக இருந்தவர் என்ற மூன்று செய்திகள் போதும். சரக்கு கடனுக்குக் கிடைத்துவிடும்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பல் கிடைக்காதோர் மலையையும் காட்டையும் கால்நடையாகக் கடந்தனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். போர் முடிந்தபின் பலர் மீண்டும் சென்று கடைகளைத் திறந்தனர். 1962 மார்ச்சில் ஜெனரல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாத் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மூன்று தலைமுறைச் சேமிப்பு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. கப்பல்களில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கியவர்களுக்குத் தமிழகத்தில் முகாம்களும் குடியிருப்புகளும் அமைக்கப்பட்டன.

அவர்கள் இழந்த சொத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். சொத்துடன் சேர்ந்து வேறொன்றும் போயிற்று. இரங்கூனில் ஒரு வார்த்தைக்கு நூறு மூட்டை அரிசி கடனாகப் பெற்றவர், சென்னையில் ஒரு மூட்டை கடனாகக் கேட்டால் அவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. பேரேடும் அங்கே, சாட்சிகளும் அங்கே. இன்று நாமக்கல்லில் நிற்கும் லாரி ஓட்டுநரின் நிலையும் இதுதானே!

அரசே சாட்சியாக வந்த கதை

அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. துண்டுச் சீட்டுடன் வாழ்ந்தோரின் பேரர்கள் தாங்கள் பார்த்தறியாத பாட்டனார் ஊருக்குத் 'திரும்பினார்கள்'. பர்மாவிலிருந்து வந்தோர் ஒருபுறம், இலங்கையிலிருந்து வந்தோர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் சிறுதொழில் தொடங்கக் கடன் வேண்டும். வங்கிகளோ ஈடும் முன்வரலாறும் கேட்டன.

இந்நிலையில்தான் 1969இல் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி மற்றும் வளர்ச்சி வங்கி தொடங்கப்பட்டது. 'ரெப்கோ' என்ற சுருக்கப் பெயரில் இன்று நாம் பார்ப்பது அதுவே. மத்திய அரசும் தமிழகம், ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகிய மாநில அரசுகளும் அதில் பங்கு முதலீடு செய்தன. தாயகம் திரும்பியோரும் உறுப்பினராகிப் பங்குதாரர் ஆயினர். சென்னைத் துறைமுகத்தின் அருகே பர்மா பஜார் உருவானதும் அக்காலத்தில்தான். நடைபாதையில் சிறு கடைகளாகத் தொடங்கியது, பின்னர் ஊரறிந்த சந்தையாயிற்று.

ரெப்கோவும் வட்டியில் இயங்கும் நிறுவனமே. அதை மார்க்க முன்மாதிரியாக நான் காட்டவில்லை. அதன் தோற்றத்தில் இருந்த ஓர் ஒப்புதலையே காட்டுகிறேன். நாடு திரும்பியவரிடம் வரலாறு இல்லாதிருப்பது அவருடைய குற்றமன்று, அவருக்காக வேறொருவர் முன்வந்து சாட்சியாக நிற்கவேண்டும் என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது. தனி மனிதரால் கொண்டுவர இயலாத சாட்சியத்தை அரசு தன் பெயரால் கொடுத்தது.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது மீண்டும் அதே காட்சி. அம்மான் வழியாக ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானங்களில் மீட்கப்பட்டனர். பின்னர் ஐக்கிய நாடுகள் அவை 1991இல் அமைத்த இழப்பீட்டு ஆணையத்தின் வழியாகப் பலருக்கு இழப்பீடு கிடைத்தது. அப்போது பாஸ்போர்ட் முத்திரையும் வேலை அனுமதிச் சீட்டும் சம்பள இரசீதும் மதிப்புமிக்க சாட்சிகளாயின. ஓடிவரும் அவசரத்திலும் காகிதங்களைக் காத்துக்கொண்டோர் பயன்பெற்றனர்.

பேரேடு கணினிக்குள் புகுந்தது

அண்டை வீட்டாரின் சாட்சியத்தை விலைப்பொருளாக்கியது அமெரிக்கா. 1837இல் அங்கே ஏற்பட்ட பெரும் வணிக நெருக்கடிக்குப் பின், பட்டு வணிகரான லூயிஸ் டாப்பன் 1841இல் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் வழக்கறிஞர்களும் பிறரும் அங்குள்ள வியாபாரிகளின் நடத்தை, குடும்பம், கொடுக்கல் வாங்கல் குறித்துக் குறிப்பு எழுதி அனுப்புவர். அவை பெரும் பேரேடுகளில் பதிவாகும். சரக்கைக் கடனாகக் கொடுக்கும் வணிகர் கட்டணம் செலுத்தி அவற்றைக் கேட்டறிவர். இன்றைய கடன் தகவல் நிறுவனங்களின் மூதாதை அதுவே.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2000இல் சிபில் நிறுவனம் உருவானது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இல் வந்தது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. 300 முதல் 900 வரையிலான ஓர் எண்ணில் ஒருவருடைய நாணயம் அடங்கிவிடுகிறது. அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய நிறுவனங்கள் உண்டு. ஆனால் அங்குள்ள ஏடு தானாக இங்கே வருவதில்லை. பத்தாண்டுகள் தவறாமல் தவணை கட்டிய நன்மை அங்கேயே தங்கிவிடுகிறது.

மற்றொரு சிக்கலும் உண்டு. இந்த எண், வாங்கிய கடனையும் திருப்பிய ஒழுங்கையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. வட்டிக்கு அஞ்சி வாழ்நாள் முழுவதும் கடன் அட்டையைத் தொடாதவரின் ஏடு வெற்றேடாக இருக்கும். தக்வாவுடன் வாழ்ந்ததற்கு இவ்வேட்டில் இடமில்லை. இதனால்தான் நம் சகோதரர் பலர் மனம் வெதும்புகிறார்கள்.

ஹதீஸ் கலை கற்பிக்கும் பாகுபாடு

இங்கேதான் நம் முன்னோர் வளர்த்த ஒரு கலை நமக்கு உதவுகிறது. ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோட இமாம்கள் 'ஜர்ஹ் வ தஅதீல்' என்ற கலையை உருவாக்கினார்கள். ஒவ்வோர் அறிவிப்பாளரின் பெயர், ஊர், ஆசிரியர், நினைவாற்றல், நேர்மை அனைத்தும் ஆராய்ந்து எழுதப்பட்டன. பல்லாயிரம் மனிதர்களின் நம்பகத்தன்மையை எழுதிவைத்த ஏடு உலகில் வேறெங்கும் காண்பது அரிது.

அந்தக் கலையில் 'மஜ்ரூஹ்' என்பவர் குறை நிறுவப்பட்டவர். 'மஜ்ஹூல்' என்பவர் யாரென்றோ எப்படிப்பட்டவர் என்றோ அறியப்படாதவர். மஜ்ஹூலின் அறிவிப்பைப் பெரும்பாலான இமாம்கள் உடனே ஏற்பதில்லை, காத்திருப்பார்கள். ஆனால் அவரைப் பொய்யர் பட்டியலில் சேர்ப்பதும் இல்லை. அவர் நிலை எவ்வாறு மாறும்? கதீப் அல்பக்தாதி (ரஹ்) போன்றோர் விளக்கியபடி, அறியப்பட்ட இருவர் அவரிடமிருந்து அறிவித்தால் ஆள் யாரென்று தெரியாத நிலை நீங்கும். எனினும் அதனால் மட்டும் அவர் நேர்மையாளர் என்று ஆகிவிடாது. அவருடைய நடத்தை தனியே அறியப்படவேண்டும்.

நாடு திரும்பியவர் மஜ்ஹூல், மஜ்ரூஹ் அல்லர். இந்த வேறுபாட்டை வங்கி அலுவலர் மறந்தால் அநீதி. திரும்பியவரே மறந்து, தம்மைக் குற்றவாளியைப்போல் எண்ணிக் குறுகினால் அது தேவையற்ற துயரம். ஜமாஅத் மறந்தால் அது பொறுப்பின்மை. முதன்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கவேண்டாம் என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை மத்திய நிதித்துறை இணையமைச்சர் 2025இல் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். இமாம்கள் வகுத்த பாகுபாட்டுக்கு இது வெகு தூரமன்று.

நடத்தையை அறிவது எவ்வாறு என்பதற்கு உமர் (ரலி) அவர்களின் ஒரு நிகழ்வு அறிஞர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒருவர் மற்றொருவரின் நேர்மைக்குச் சாட்சி சொல்ல வந்தார். அவருடைய அண்டை வீட்டாராக இருந்ததுண்டா, அவருடன் பயணம் செய்ததுண்டா, தீனார் திர்ஹத்தில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா என்று உமர் (ரலி) கேட்டார்கள். இல்லை என்ற பதில் வரவே, பள்ளிவாசலில் அவர் தொழுவதை மட்டும் பார்த்திருப்பீர் போலும், அவரை நீர் அறியமாட்டீர் என்ற கருத்தில் கூறி அனுப்பிவிட்டார்கள். தொழுகை வரிசையில் நிற்பதைக் கண்டு மட்டும் ஒருவருக்கு நற்சான்று கொடுக்கும் நம் வழக்கத்துக்கு இது கடுமையான பாடம்.

திரும்பியவர் செய்ய வேண்டியவை

முதலாவது, பழைய கடனைத் தீர்ப்பது. வளைகுடாவில் பெற்ற கடனை அப்படியே விட்டு விமானம் ஏறியவர்களும் நம்மில் உண்டு. கடல் கடந்ததால் கடன் கரைவதில்லை. மூன்று தீனார் கடனுடன் இறந்தவருக்கு ஜனாஸா தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். உலகச் சட்டமும் இப்போது கடலைத் தாண்டிவிட்டது. அமீரக நீதிமன்றங்களின் சிவில் தீர்ப்புகளை இந்திய நீதிமன்றங்கள் வழியே நிறைவேற்றலாம் என 2020 ஜனவரியில் இந்திய அரசு அறிவித்திருக்கிறது. செலுத்த இயலாத நெருக்கடியில் இருப்பவர் ஒளியாமல் கடன் கொடுத்தவரிடம் பேசி அவகாசம் கேட்கட்டும். நெருக்கடியில் உள்ளவருக்கு அவகாசம் அளிக்குமாறு அல்பகரா 280ஆம் வசனம் கட்டளையிடுகிறது. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தன் ஏட்டைத் தானே படிப்பது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். புறப்படும் முன் எடுத்த நகைக்கடனோ, நண்பருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தோ அதில் இருக்கலாம். ஜாமீன் போட்டவர் பொறுப்பாளி என்பது நபிமொழியின் கருத்து; பிணை நின்ற கடன் இந்த அறிக்கையிலும் பிணையாளியின் பெயரில் காணப்படுகிறது. தொகை குறைத்துப் பேசி முடித்த கடன், முழுமையாக அடைத்த கடனாக எழுதப்படாமல் 'செட்டில்டு' என்றே குறிக்கப்படும். தவறான பதிவு இருந்தால் முறையிட உரிமை உண்டு. 30 நாட்களுக்குள் தீர்க்காவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பின்னும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். துண்டுச் சீட்டைப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு இந்த உரிமைகள் எதுவும் இருக்கவில்லை. நமக்கு இருக்கின்றன, பயன்படுத்தவேண்டும்.

மூன்றாவது, காகிதங்களைக் காப்பது. சம்பளச் சான்று, பணிமுடிவுக் கடிதம், அங்கே வங்கிக் கணக்கில் நடந்த வரவு செலவு, பாக்கி இல்லை என்ற சான்று ஆகியவற்றைப் புறப்படும் முன்பே வாங்கி வைக்கவேண்டும். ஊர் வந்தபின் வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வாழ்வோர் நிலையிலிருந்து உள்ளூர்வாசி நிலைக்கு மாற்றவேண்டும். வருமானவரிக் கணக்கு, தொழில் தொடங்கினால் ஜிஎஸ்டி பதிவு, ஒழுங்காகக் கட்டிய வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றின் இரசீதுகள் அனைத்தும் மெல்ல மெல்லச் சாட்சிகளாகும்.

நான்காவது, எண்ணை உயர்த்துவதற்காகவே வட்டிக் கடன் எடுக்குமாறு சிலர் ஆலோசனை கூறுகின்றனர். தேவையில்லாத வட்டியில் எண்ணுக்காக நுழைவது முஃமினுக்கு அழகன்று. விலையும் தவணையும் முன்கூட்டியே தீர்மானித்து, கூடுதல் நாளுக்குக் கூடுதல் பணம் என்ற நிபந்தனையின்றிச் செய்யும் தவணை வியாபாரத்தைப் பெரும்பாலான ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளனர். அப்படிப்பட்ட வழியைத் தேடுவதும், தங்கள் சூழலை உள்ளூர் ஆலிம்களிடம் எடுத்துரைத்து வழிகாட்டல் பெறுவதும் நலம்.

ஐந்தாவது, சிறிதாகத் தொடங்குவது. மக்காவில் செல்வராயிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்தார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தபோது, அவருக்காக துஆ செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார்கள். பனூ கைனுகா சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். சில காலத்துக்குள் மணமுடிக்கும் அளவுக்கு நிலைபெற்றார்கள். புதிய ஊரில் அவர்களுடைய நாணயத்துக்குச் சாட்சி சொன்னது அன்றாடச் சந்தையே. லாரி வாங்க இயலாதவர் முதலில் லாரி ஓட்டட்டும்; கடை வைக்க இயலாதவர் சந்தையில் ஒரு மூட்டை விற்கட்டும். ஆறு மாதத்தில் சந்தை அவரை அறிந்துகொள்ளும்.

ஜமாஅத்தின் கடமை

ஸஅத் (ரலி) முன்வந்ததால்தான் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களால் தலைநிமிர்ந்து மறுக்கவும் முடிந்தது. அந்த முன்வருதல் இன்று நம் மஹல்லாக்களில் எங்கே? திரும்பியவருக்கு வங்கியும் மறுத்து, ஊரும் மறுத்தால், அவர் போய் நிற்கும் இடம் மீட்டர் வட்டிக்காரரின் திண்ணை. அதிக வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டமே இயற்றவேண்டியிருந்தது என்றால் அந்தத் திண்ணையின் நீளத்தை நாம் ஊகிக்கலாம். வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குவது நம் கடமை. வட்டி இல்லாத ஒரு கதவைத் திறந்துவைப்பதும் நம் கடமையே.

பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகள், நாடு திரும்பியோருக்கென்று ஒரு சிறு பகுதியை அழகிய கடனாக ஒதுக்கலாம். தொகை சிறிதாக இருக்கட்டும். எழுத்து ஒழுங்காக இருக்கட்டும். தவணை குறித்து, இரு சாட்சிகள் ஒப்பமிட்டு, செலுத்தும் ஒவ்வொரு தவணைக்கும் இரசீது கொடுக்கவேண்டும். இந்த இரசீதுகள் சிபில் ஏட்டில் ஏறமாட்டா. ஆனால் லீ பஜாரின் மொத்த வியாபாரிக்கும், நாமக்கல்லின் லாரி உரிமையாளருக்கும், நேரில் விசாரித்து முடிவெடுக்கும் உள்ளூர் நிறுவனத்துக்கும் காட்டத்தக்க சாட்சியம் அது. ஓராண்டு ஒழுங்காகச் செலுத்தியவருக்கு முத்தவல்லி கொடுக்கும் கடிதம், தொழுகை வரிசையைப் பார்த்து எழுதிய கடிதமாக இராது. உமர் (ரலி) கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லும் கடிதமாக இருக்கும்.

அதே நேரத்தில் அந்தக் கடிதம் உண்மையாகவும் இருக்கவேண்டும். உறவினர் என்பதற்காகத் திருப்பித் தராதவருக்கு நற்சான்று எழுதினால், அடுத்து வரும் பத்து நேர்மையாளரின் கடிதமும் மதிப்பிழக்கும். கொடுக்கல் வாங்கலில் ஆலோசனை கேட்பவருக்கு உள்ளதை உள்ளபடி கூறுவது புறத்தில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். ஹதீஸ் அறிவிப்பாளரின் குறையை எடுத்துரைப்பதையும் அவர்கள் அதே வரிசையில்தான் சேர்த்தார்கள்.

பிற சமூகத்தாரும் நம் ஊர்களில் இதே வாசலில் நிற்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியோரின் பிள்ளைகள் நம் அண்டை வீட்டாராக இருக்கலாம். அவர்களுக்கும் நீதியுடன் சாட்சி சொல்வது நம் மார்க்கம் விதித்ததே.

துண்டுச் சீட்டு போயிற்று; இரங்கூன் பேரேடு போயிற்று; இன்றைய எண்ணும் ஒருநாள் வேறொன்றாக மாறும். கடனை எழுதுவது, தவணையில் செலுத்துவது, அறிந்ததைச் சாட்சி சொல்வது ஆகிய மூன்றும் மாறா. கடன் தகவல் நிறுவனங்கள் நம் பதிவுகளைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்கின்றன. கிராமன் காதிபீன் எழுதும் ஏட்டுக்கோ அத்தகைய காலவரை இல்லை.

கடன் சுமையிலிருந்தும் மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! நாடு திரும்பும் நம் சகோதரர்களின் உழைப்பில் பரக்கத் செய்வானாக! அவர்களுக்கு நீதியுடன் சாட்சியாக நிற்கும் நல்லுள்ளத்தை நம் ஜமாஅத்துகளுக்கு வழங்குவானாக! ஆமீன்.